நீலகிரி எத்தனை பேரைத் தாங்கும்?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 அன்று அது நடைமுறைக்கு வந்தது. கொரோனா காலத்தில் மாவட்டம் தாண்ட வாங்கிய இ-பாஸ் நினைவிருக்கும். இந்த முறை நோக்கம் வேறு. முதல் ஆண்டில் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. யார் வருகிறார்கள், எந்த வண்டியில் வருகிறார்கள், எத்தனை நாள் தங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடாகத்தான் அது இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. சீசன் மாதங்களில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மறுநாளே நீலகிரியில் வணிகர்கள் கடையடைத்தார்கள்.

இந்த 6,000 எங்கிருந்து வந்தது? சீசன் நாட்களில் சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடி-க்கும் பெங்களூரு ஐஐஎம்-க்கும் கொடுக்கப்பட்டது. அந்த ஆய்வு முடியும்வரைக்குமான இடைக்கால எண்தான் இது. ஆனால் ஊரில் நடந்த சண்டை முழுக்க இந்த எண்ணைச் சுற்றியே நடந்தது. கூட்டு, குறை, நீக்கு என்று மூன்று தரப்பு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வார நாள் 6,000, வார இறுதி 8,000 என்று ஆண்டு முழுவதும் வரம்பு நிரம்பினால் சுமார் 24 லட்சம் வாகனங்கள். வண்டிக்கு நான்கு பேர் என்றால் ஒரு கோடிப் பேரை நெருங்கும். நீலகிரிக்கு இப்போது ஆண்டுக்கு வருவதாகச் சொல்லப்படுவது ஏறத்தாழ 25 முதல் 30 லட்சம் பேர். அதாவது இந்த வரம்பு சுற்றுலாவின் மொத்த அளவைத் தொடவே இல்லை. கூட்டம் குவியும் சில வாரங்களை மட்டும்தான் தொடுகிறது. வியாபாரம் அழிந்துவிடும் என்பவர்களும் சரி, மலை தப்பித்துவிட்டது என்பவர்களும் சரி, இந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீலகிரியின் சிக்கல் ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதில் இல்லை. எந்த மாதத்தில், எந்தச் சரிவில், எந்தக் கூரையின் கீழ் என்பதில்தான் இருக்கிறது.

தாங்குதிறன் என்ற கணக்கு

‘தாங்குதிறன்’ என்ற கருத்து சுற்றுலாவுக்கு வந்தது மேய்ச்சல் நிலக் கணக்கிலிருந்து. இந்தப் புல்வெளியில் எத்தனை மாடு மேயலாம் என்று கேட்பது போல, இந்த இடத்தில் எத்தனை பேர் நடமாடலாம் என்று கேட்பது. 1992-இல் மிகுவேல் சிஃபுவென்டெஸ் என்பவர் கோஸ்டா ரிக்காவின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்காக ஒரு முறையை வகுத்தார். இன்றும் பல நாடுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதலில் இடத்தின் பரப்பை வைத்து அதிகபட்சம் எத்தனை பேர் நிற்க முடியும் என்று பார்ப்பது. அப்புறம் மழை, மண்ணரிப்பு, விலங்குகளின் இனப்பெருக்கக் காலம் என்று ஒவ்வொரு தடையாகக் கழிப்பது. கடைசியில் நிர்வாகத்திடம் உள்ள ஆள், பணம், கருவிகளைப் பார்த்து இன்னும் கழிப்பது. இந்தக் கடைசிப் படியில்தான் எண் மளமளவென்று இறங்கும். காவலர் பத்து பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர் இருந்தால் தாங்குதிறனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

ஒரு நடைபாதைக்கோ அருவிக்கோ இது நன்றாகப் பொருந்தும். ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஒரு மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. இதற்கு முன்பே, 1985-இல், அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எத்தனை பேர் என்பதை விடுங்கள், எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்றுக்கொள்வோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றார்கள். ஆற்றுத் தண்ணீர் எந்த அளவுக்குக் கெடலாம், பாதை எவ்வளவு அகலமாகத் தேயலாம் என்று வரம்பு கட்டி, ஆண்டுதோறும் அளந்து, தாண்டினால் நடவடிக்கை எடுப்பது. நீலகிரிக்கு ஏற்றது இந்த வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் மலையில் எல்லாமே ஒன்றாக முறிவதில்லை. எது முதலில் முறியுமோ அதை வைத்துத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும்.

மே மாதத்தில் முதலில் முறிவது தண்ணீர்.

நீலகிரியில் அணைகளுக்குப் பஞ்சமில்லை. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று வரிசையாக இருக்கின்றன. ஆனால் அவை குந்தா மின் திட்டத்துக்காகக் கட்டியவை. ஊட்டி நகரத்துக் குழாய்களுக்கு வருவது பார்சன்ஸ் வேலி, மார்லிமந்து, டைகர் ஹில் போன்ற ஆதாரங்களிலிருந்து. குன்னூருக்கு ரேலியா அணை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரிய மழை கிடையாது. கோடை மழை கைகொடுத்தால் சரி, இல்லையென்றால் ஏப்ரல் கடைசியில் இவை இறங்கத் தொடங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் சீசன். குடியிருப்புகளுக்குத் தண்ணீர் விடும் இடைவெளி நீளும்போது, விடுதிகள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கின்றன. அந்த லாரியும் இதே மலையின் ஏதோ ஓர் ஊற்றிலோ கிணற்றிலோதான் நிரப்பிக்கொண்டு வருகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி, கூடலூர் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜாக் கண்காட்சி, மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி என்று கோடை விழாவின் அத்தனை நிகழ்ச்சிகளையும் அரசு மே மாதத்தை ஒட்டியே அடுக்குகிறது. 1896-இல் மலர்க் கண்காட்சி தொடங்கியபோது மெட்ராஸ் மாகாண அரசாங்கமே கோடைக்கு ஊட்டிக்கு ஏறிவிடும். மே மாதத்தில் நடத்தியதற்கு அன்று காரணம் இருந்தது. இன்று ஒரு கையால் அழைப்பிதழ் கொடுத்துவிட்டு மறு கையால் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்துகிறோம். பள்ளி விடுமுறையை மாற்ற முடியாது, சரி. மலர்க் கண்காட்சியை விட்டுவிடுங்கள். மற்றவற்றில் இரண்டையாவது செப்டம்பர், அக்டோபர் மாத இரண்டாவது சீசனுக்கு நகர்த்த எந்த நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை. தென்மேற்குப் பருவமழை முடிந்து அணைகளில் தண்ணீர் இருக்கும் காலம் அது.

மழைக்கும் இங்கே இரண்டு முகம். மேற்கே கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். கிழக்கே குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் கிழக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ஆகவே நவம்பரில் குன்னூர்ச் சாலையின் தாங்குதிறன் வேறு, ஆகஸ்டில் கூடலூர்ச் சாலையின் தாங்குதிறன் வேறு. மாவட்டம் முழுவதற்கும் ஒரே எண் என்பது இந்த மலையைப் பார்த்துப் போட்ட எண்ணாக இருக்க முடியாது. வேண்டியது ஒரு நாட்காட்டி. எந்த மாதம், எந்த வாசல், எவ்வளவு என்று சொல்லும் நாட்காட்டி. இ-பாஸ் இணையதளத்தில் தேதியும் வாகனமும் ஏற்கெனவே பதிவாகின்றன. வரும் வழியையும் சேர்த்து வரம்பு வைப்பது பெரிய தொழில்நுட்ப வேலை இல்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்தைக் காவல்துறை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது.

இ-பாஸ் உத்தரவில் அதிகம் பேசப்படாத, ஆனால் உருப்படியான பகுதி அரசுப் பேருந்துக்குக் கொடுத்த விலக்கு. உள்ளூர் பதிவெண் கொண்ட டிஎன் 43 வண்டிகளுக்கும் பாஸ் வேண்டாம். பேருந்தில் வந்தால் வரம்பே இல்லை என்பது, யோசித்துப் பார்த்தால், மேட்டுப்பாளையத்திலேயே காரை நிறுத்திவிட்டு வாருங்கள் என்ற அழைப்பு. ஆனால் அழைப்பு மட்டும் போதாது. அங்கே காரை நிறுத்த நம்பகமான இடம், குழந்தையும் பெட்டியுமாக வருபவர்கள் ஏறக்கூடிய பேருந்து, மேலே போன பிறகு தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் போக வண்டி, மூன்றும் இருந்தால்தான் யாரும் காரை விடுவார்கள். ஊட்டி நகருக்குள் சீசனில் ஓடும் சுற்றுப் பேருந்தை ஆண்டு முழுவதும் ஓட்டினால் பாதி வேலை முடியும். மலை ரயிலை இதற்குத் தீர்வாகச் சொல்பவர்கள் உண்டு. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் ஊட்டி வரையிலும் வந்த அந்தப் பல்சக்கரப் பாதை 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்கவும் போகவும் அருமையானதுதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து நாளுக்குச் சில நூறு பேரை ஐந்து மணி நேரத்தில் ஏற்றும் ரயில் கூட்டத்தைக் குறைக்காது. அதுவே ஒரு காட்சிப் பொருள்.

மசினகுடி சொல்லும் கதை

நிலத்தைத் திட்டமிடாமல் சுற்றுலாவை வளரவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சீகூர் பீடபூமி. மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலம் காடுகள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போகும் யானைகளுக்கு இதுதான் வழி. ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றின் ஆழமான பள்ளம். யானை சுற்றிப் போக வேறு இடம் கிடையாது.

இந்த ஒடுங்கிய நிலத்தில்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா ஊர்களைச் சுற்றி ரிசார்ட்டுகள் முளைத்தன. காட்டின் ஓரத்தில் அறை, இரவில் விலங்கு பார்க்க ஜீப் என்பதுதான் விற்பனைப் பொருள். பெரும்பாலானவை பட்டா நிலத்தில் வந்தவை என்பதால் வனச் சட்டம் நேரடியாகப் பாயவில்லை. பல இடங்களில் வேலியும் மின்வேலியும் வந்தன. 2010-இல் தமிழக அரசு இதை யானை வழித்தடமாக அறிவித்தது. அதை எதிர்த்த வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2018 ஆகஸ்டில் உரிய அனுமதி இல்லாத ரிசார்ட்டுகளை மூடி முத்திரை வைக்க உத்தரவு வந்தது. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பு வழித்தடத்தை உறுதி செய்தது. நில உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் குடியிருப்புக்கு அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காயத்தோடு அலைந்த அந்த யானை இறந்துபோனது.

இந்த வரிசையில் நான் பார்ப்பது கெட்ட முதலாளிகளையும் நல்ல நீதிமன்றத்தையும் மட்டும் இல்லை. முதல் ரிசார்ட் அனுமதி கேட்டு வந்த அன்று, இந்தப் புல எண்களில் தங்கும் விடுதி கூடாது என்று சொல்ல ஒரு வரைபடம் இருந்திருந்தால் பத்தாண்டு வழக்கு தேவைப்பட்டிருக்காது. வரைபடம் வந்தபோது கட்டடங்கள் நின்றன, கடன்கள் இருந்தன, ஜீப் ஓட்டியும் அறை கூட்டியும் பிழைக்கும் குடும்பங்கள் இருந்தன. ரிசார்ட் மூடினால் உரிமையாளருக்கு வேறு ஊரில் வேறு தொழில் இருக்கும். பொக்காபுரத்து இருளர் பெண்ணுக்கு அது கிடையாது. தாமதமான திட்டத்தின் விலையை எப்போதும் கடைசி ஆள்தான் கட்டுகிறார்.

சட்டமே இல்லாத ஊர் இல்லை இது என்பதுதான் வேடிக்கை. மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம் 1990-இலேயே வந்துவிட்டது. 1993-இன் மலைவாழிடக் கட்டட விதிகள் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்கின்றன. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டுகிறார்கள், முடிந்த மறுமாதம் காட்டேஜ் என்று இணையத்தில் வாடகைக்கு வருகிறது. கட்டும்போது பார்க்கும் விதி இருக்கிறது, கட்டிய பிறகு அதில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் விதிக்குப் பல் இல்லை. பதிவு செய்யாத காட்டேஜ் எத்தனை என்று தெரியாமல் எந்தத் தாங்குதிறனையும் கணக்கிட முடியாது. வாகனத்தை எண்ணுவது சுலபம், சாவடியில் நின்றால் போதும். படுக்கையை எண்ணுவது கடினம். ஆனால் தண்ணீரும் கழிவும் குப்பையும் படுக்கையைத்தான் பின்தொடர்கின்றன. ஊட்டி ஏரியில் கோடப்பமந்து கால்வாய் கொண்டு வந்து சேர்க்கும் கழிவுநீர் எந்தக் காரிலிருந்தும் வருவதில்லை. என்னைக் கேட்டால் இ-பாஸ் எண்ணிக்கையைவிட படுக்கை எண்ணிக்கைக்குத்தான் முதலில் வரம்பு வேண்டும். பாஸ் கேட்கும்போதே தங்குமிடத்தின் பதிவு எண்ணைக் கட்டாயமாக்கினால் இரண்டும் ஒரே இடத்தில் முடியும்.

கட்டுப்பாடு என்றாலே ஊரார் எதிர்ப்பார்கள் என்பதும் உண்மை இல்லை. முதுமலை, பந்திப்பூர் வழியாக இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை 2009-இல் வந்தபோது பெரிய எதிர்ப்பு இருந்தது. இன்று லாரி ஓட்டுநர்கள் அதற்கேற்பத்தான் நேரம் வகுக்கிறார்கள். நெகிழிப் பைக்குத் தடை மாநிலம் முழுவதும் 2019-இல் வந்தது. நீலகிரி அதற்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் தடுத்தபோது குடிநீர் ஏடிஎம்களையும் வைத்தார்கள். மாற்று கொடுத்த இடத்தில் விதி நின்றது, ஏடிஎம் பழுதான இடத்தில் பாட்டில் திரும்பி வந்தது.

கூட்டத்தைக் குறைக்க விலையை ஏற்றுங்கள் என்று ஒரு யோசனையும் அடிக்கடி வருகிறது. உதாரணம் பூடான். அங்கே வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு நாளுக்கான கட்டணம் 2022-இல் 200 டாலராக உயர்ந்து, பயணிகள் வரவு போதாமல் அடுத்த ஆண்டே 100 டாலராக இறங்கியது. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய் அளவு. தனி நாடு, விமானத்தில் வரும் பயணி, அங்கே அது ஓரளவு செல்லும். ஊட்டிக்கு வருபவர்களில் பெரும் பகுதி திருப்பூர், ஈரோடு, மலப்புறம், மைசூருப் பக்கத்திலிருந்து வேனில் வரும் குடும்பங்கள். பனியன் கம்பெனியில் வாரம் ஆறு நாள் நிற்பவருக்கு ஒரு நாள் குளிர்காற்று வேண்டாமா? விலை வைத்து வடிகட்டினால் வேனில் வரும் பன்னிரண்டு பேர் கீழேயே நிற்பார்கள், பெரிய காரில் வரும் இரண்டு பேர் மேலே போவார்கள். தண்ணீர்க் கணக்கிலும் இது தலைகீழ். நட்சத்திர விடுதி அறையில் தங்குபவர் செலவழிக்கும் தண்ணீர், பகலில் வந்து இரவில் இறங்கும் குடும்பத்தைவிட எத்தனையோ மடங்கு.

பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல பாடம் உண்டு. தேக்கடியில், 1990-களின் பிற்பகுதியில், பெரியாறு காட்டுக்குள் திருட்டுத்தனமாக இலவங்கப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாக மாற்றியது. காட்டின் ஒவ்வொரு பாதையும் அவர்களுக்குத் தெரியும், பயணிகளை அழைத்துப் போவதும் ரோந்தும் அவர்கள் வேலையானது. கேரளத்தின் குமரகத்தில் 2008-ஐ ஒட்டித் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தில், விடுதிகள் காய்கறியும் மீனும் முட்டையும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடம் வாங்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஊட்டியில் என்ன விற்கிறது? ‘ஹோம்மேட்’ சாக்லேட். கொக்கோ மரம் இந்த உயரத்தில் வளரவே வளராது, கட்டிச் சாக்லேட்டைக் கீழிருந்து கொண்டு வந்து உருக்கி அச்சில் ஊற்றுவதுதான். தவறில்லை, பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் தோடர் பூத்தையலுக்கு 2013-இலும் ஊட்டி வர்க்கிக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், அவற்றைத் தேடி வாங்க ஒரு நல்ல கடைவீதி அமையவில்லை. தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்கோ வேண்டாத கூட்டம் போகிறது. கோயிலைப் படம் எடுக்கலாமா, மந்துக்குள் நுழையலாமா என்பதை அந்த மந்துதான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் ஆறு தொன்மைப் பழங்குடிகளும் வாழும் மாவட்டத்தில், 2006-இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த அதிகாரத்தைச் சுற்றுலாத் திட்டத்துக்குள் கொண்டு வராமல் எழுதும் எந்த ஆவணமும் அரைகுறைதான்.

கடைசியாக ஓர் எல்லைப் பிரச்சினை. ஊட்டி நெரிசலைக் குறைக்க ‘தெரியாத இடங்களை’ வளர்ப்போம் என்பது எல்லாச் சுற்றுலாத் துறைகளும் சொல்லும் மந்திரம். மஞ்சூர், கிண்ணக்கொரை, அவலாஞ்சி என்று பெயர்கள் வரும். சோலையும் புல்வெளியும் மிச்சம் இருக்கும் இடங்கள் இவைதான். ஊட்டியின் கூட்டத்தை அங்கே பிரித்து அனுப்பினால் ஊட்டி குறையாது, அவையும் ஊட்டியாகும். பாஸ் கிடைக்காதவர் வீட்டிலும் உட்கார மாட்டார். வயநாட்டுக்கோ வால்பாறைக்கோ வண்டியைத் திருப்புவார். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து இறங்கியது பந்தலூரிலிருந்து பார்த்தால் அடுத்த மலைத்தொடர்தான். 1986-இல் மூன்று மாநிலங்களைச் சேர்த்து 5,520 சதுர கி.மீ. பரப்பை நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். யானைக்கும் தண்ணீருக்கும் அந்த எல்லை சரி. சுற்றுலாவுக்கு மட்டும் இன்னும் மாவட்ட எல்லை. 2025 நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. மேகமலையும் வயநாடும் இதே வரிசையில் ஒவ்வொன்றாக வரப்போகின்றன என்றால், மூன்று மாநிலச் சுற்றுலாத் துறைகளும் வனத்துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரே நாட்காட்டி போடும் வேலையை இப்போதே தொடங்கலாம். ஐஐடி, ஐஐஎம் அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் தேடப்போவது வாகன எண்ணை இல்லை. படுக்கைக்கும் தண்ணீருக்கும் அதில் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதைத்தான்.